அனோடைஸ் அலுமினியத்தின் நுண்துளைப் படலம்: அமைப்பும் வேதியியலும் – முழுமையான வழிகாட்டி

சன்னல் சட்டம், மாடிப்படிக் கைப்பிடி, மடிக்கணினியின் மேலுறை, 'ஹார்ட் அனோடைஸ்டு' கடாய் ஆகியவற்றின் மேற்பரப்பில் பெயின்ட் கிடையாது. வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டிய பூச்சும் கிடையாது. அலுமினியத்தின் மேல்தோலே ஆக்சிஜனோடு சேர்ந்து ஆக்சைடாக மாறி, வேரோடிய படலமாக நிற்கிறது. அதனால்தான் அது உரிவதில்லை.

இந்தப் படலத்தைப் பற்றி ஒன்றை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். எந்த அமிலத்தில், எத்தனை வோல்ட்டில், என்ன வெப்பநிலையில், எவ்வளவு நேரம் அது வளர்ந்தது என்ற விவரம் முழுவதும் அதன் அமைப்பிலும் வேதிச் சேர்மானத்திலும் பதிந்திருக்கும். செய்முறை தெரிந்தால் படலத்தை வரைந்துவிடலாம்; படலத்தைப் பார்த்தால் செய்முறையைச் சொல்லிவிடலாம். இந்த இரண்டையும் செய்யும் அளவுக்கு ஒரு தொடக்கநிலை வாசகரைக் கொண்டுசேர்ப்பதே இந்த வழிகாட்டியின் வேலை. பள்ளி வேதியியல் போதும்; படிப்படியாகப் போகலாம்.

## தொடங்குமுன்: அளவுகளும் சொற்களும்

1 மில்லிமீட்டரில் 1,000 மைக்ரான். 1 மைக்ரானில் 1,000 நானோமீட்டர். படலத்தின் தடிமனை மைக்ரானில் சொல்வார்கள். அதற்குள் இருக்கும் துளை, சுவர், அடித்தளம் எல்லாவற்றையும் நானோமீட்டரில் சொல்வார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

அனோடைசிங் தொட்டியில் அலுமினியப் பொருளை டிசி மின்சாரத்தின் நேர்முனையில் இணைப்பார்கள், அதுவே நேர்மின்வாய். எதிர்முனையில் ஈயம், அலுமினியம் போன்ற ஒரு தகடு இருக்கும்; அது எதிர்மின்வாய். இடையில் இருக்கும் அமிலக் கரைசல் மின்பகுளி. மின்சாரம் பாயும்போது நேர்மின்வாயில் ஆக்சைடு வளரும், எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் குமிழியிடும்.

## படி 1: மூன்று வகைப் படலங்களைப் பிரித்தறியுங்கள்

இயற்கைப் படலம். வெட்டிய அலுமினியம் காற்றைக் கண்டதுமே அதன் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு உருவாகிவிடும். அலுமினியம் எளிதில் அரிக்கப்படாமல் இருக்க இதுவே காரணம். ஆனால் மிக மெல்லியது. தேய்மானத்தைத் தாங்காது, சாயமும் ஏற்காது.

தடுப்புப் படலம். போரேட், டார்ட்ரேட், அடிப்பேட் போன்ற, ஆக்சைடைக் கரைக்காத நடுநிலைக் கரைசல்களில் அனோடைஸ் செய்தால் துளையில்லாத, கெட்டியான படலம் கிடைக்கும். இதன் தடிமன் வோல்ட்டுக்குச் சுமார் 1.2 முதல் 1.4 நானோமீட்டர். குறிப்பிட்ட தடிமனை எட்டியதும் மின்னோட்டம் ஏறக்குறைய நின்றுவிடும். மின்னணுக் கருவிகளில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குள் மின்காப்பாக இருப்பது இந்த வகைதான்.

நுண்துளைப் படலம். கந்தக அமிலம், ஆக்சாலிக் அமிலம், பாஸ்பாரிக் அமிலம், குரோமிக் அமிலம் ஆகியவை ஆக்சைடைச் சற்றே கரைக்கக்கூடியவை. இவற்றில் வளரும் படலம் ஒரு கட்டத்தோடு நின்றுவிடாமல் மைக்ரான் கணக்கில் தடித்துக்கொண்டே போகும். நடுவில் துளைகள் இருப்பதால், அமிலம் எப்போதும் உலோகத்துக்கு அருகிலேயே இருக்கிறது; வளர்ச்சி தொடர்கிறது. நமது பொருள் இனி இது மட்டுமே.

## படி 2: அறையின் படத்தை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள்

1953-ல் அமெரிக்காவின் அல்கோவா நிறுவன ஆய்வாளர்களான கெல்லர், ஹன்டர், ராபின்சன் ஆகிய மூவரும் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் உதவியோடு இந்தப் படலத்தின் வடிவத்தை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் வரைந்த படமே இன்றைக்கும் அடிப்படை. மேலிருந்து பார்த்தால் தேனடை போல அறுகோண அறைகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு அறையின் நடுவிலும் மேற்பரப்புக்குச் செங்குத்தாக ஒரு துளை இறங்கும்.

ஒரு தாளில் இதை வெட்டுமுகமாக வரையுங்கள். நான்கு பாகங்களைக் குறிக்க வேண்டும்:

- துளை: மேலே திறந்து, கீழே மூடிய நீண்ட குழல்.
- சுவர்: இரண்டு துளைகளுக்கு நடுவே உள்ள திட ஆக்சைடு.
- தடுப்பு அடுக்கு: துளையின் அடிக்கும் உலோகத்துக்கும் நடுவே உள்ள, துளையற்ற மெல்லிய ஆக்சைடு. இதன் அடிப்பக்கம் அரைக்கோளக் கிண்ணம் போல வளைந்திருக்கும்.
- உலோகம்: படலத்தை முழுவதும் கரைத்து எடுத்தால், அலுமினியத்தின் மேல் அந்தக் கிண்ணங்களின் அச்சு குழிகளாகத் தெரியும்.

தொடக்கநிலையில் பலரும் செய்யும் பிழை, துளை உலோகம் வரை திறந்திருப்பதாக நினைப்பது. அப்படி இல்லை. தடுப்பு அடுக்கு எப்போதும் குறுக்கே நிற்கும். அரிப்பிலிருந்து உலோகத்தைக் காக்கும் கடைசி அரண் அதுதான்.

## படி 3: துளை எப்படிப் பிறக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

மின்னழுத்தத்தை மாறாமல் வைத்துக்கொண்டு மின்னோட்டத்தைக் கவனியுங்கள். நான்கு கட்டங்கள் வரிசையாகத் தெரியும்.

1. மின்சாரம் தந்ததும் மின்னோட்டம் உச்சத்திலிருந்து சடாரென்று சரியும். மேற்பரப்பு முழுவதும் தடுப்புப் படலம் மூடுவதால் மின்தடை கூடுகிறது.
2. சரிவு நின்று மிகக் குறைந்த அளவைத் தொடும். இந்த நேரத்தில் படலத்தின் மேடுபள்ளங்களில், மெலிந்த இடங்களை நோக்கி மின்புலம் குவியத் தொடங்குகிறது.
3. மின்னோட்டம் மெல்ல ஏறும். மெலிந்த இடங்கள் துளைகளாக ஆழமாகின்றன.
4. மின்னோட்டம் ஏறக்குறைய மாறாமல் நிலைபெறும். துளைகளின் எண்ணிக்கையும் அகலமும் ஓரளவு நிலைத்துவிட்டன. இனி நீளம் மட்டுமே கூடும்.

தடுப்பு அடுக்கின் குறுக்கே உள்ள மின்புலம் நானோமீட்டருக்குச் சுமார் 1 வோல்ட், அதாவது மீட்டருக்கு 100 கோடி வோல்ட். இந்தப் பெரும் விசையில் ஆக்சிஜனைச் சுமந்த எதிரயனிகள் உலோகத்தை நோக்கி உள்ளே போகின்றன. அலுமினிய நேரயனிகள் அமிலத்தை நோக்கி வெளியே வருகின்றன. நுண்துளைப் படலத்தில், வெளியே வரும் அலுமினிய அயனிகள் ஆக்சைடாகாமல் கரைசலுக்குள் போய்விடுகின்றன. புதிய ஆக்சைடு உருவாவது உலோகமும் ஆக்சைடும் சந்திக்கும் அடிவிளிம்பில் மட்டுமே. ஆகவே படலத்தின் மேல்முனைதான் மிகப் பழையது; அடிப்பகுதி மிகப் புதியது. மேல்முனையே அமிலத்தில் அதிக நேரம் ஊறியது என்பதும் இதிலிருந்து விளங்கும். இந்தக் குறிப்பு பின்னால் பலமுறை உதவும்.

துளை ஏன் நிலைத்து நிற்கிறது என்பதற்கு நெடுங்காலம் தரப்பட்ட விளக்கம், மின்புலத்தின் துணையோடு துளையின் அடியில் ஆக்சைடு விரைந்து கரைகிறது என்பது. 1970-ல் ஓ'சல்லிவன், வுட் ஆகியோர் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதற்கு முக்கியமான சான்றாக இருந்தது. 2006-ல் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் வேறொரு சோதனை செய்தார்கள். அலுமினியத்துக்குள் டங்ஸ்டன் கலந்த மெல்லிய பட்டை ஒன்றை வைத்து, படலம் வளரும்போது அது எங்கே போகிறது என்று பார்த்தார்கள். கரைதல் மட்டுமே காரணமென்றால், அந்தப் பட்டை துளையின் அடியில் மேலே முந்தி எழ வேண்டும். நடந்தது நேர்மாறு: துளையின் அடியில் பின்தங்கி, சுவர்ப்பக்கம் மேலே ஏறியிருந்தது. மின்புலத்தின் அழுத்தத்தில் திட ஆக்சைடே அடியிலிருந்து சுவர்களை நோக்கி ஒழுகுகிறது என்ற விளக்கம் இதிலிருந்து வலுப்பெற்றது. இன்று இரண்டு போக்குகளையும் சேர்த்தே கற்பது நல்லது. எந்த அமிலம், என்ன வெப்பநிலை என்பதைப் பொறுத்து இவற்றின் பங்கு மாறும்.

## படி 4: வோல்ட்டிலிருந்து வடிவத்தைக் கணக்கிடுங்கள்

நிலைபெற்ற படலத்தில் மூன்று அளவுகள் வோல்ட்டோடு சேர்ந்து வளரும்:

- தடுப்பு அடுக்கின் தடிமன்: வோல்ட்டுக்கு ஏறத்தாழ 1 முதல் 1.25 நானோமீட்டர்.
- ஒரு துளையின் மையத்திலிருந்து அடுத்த துளையின் மையம் வரை: வோல்ட்டுக்கு ஏறத்தாழ 2.5 நானோமீட்டர்.
- துளையின் விட்டம்: வோல்ட்டுக்கு ஏறத்தாழ 1 நானோமீட்டர். அமிலமும் வெப்பநிலையும் இதை அதிகம் மாற்றும். எனவே மூன்றில் நம்பகம் குறைந்த அளவு இதுதான்.

சன்னல் சட்டத் தொழிலில் வழக்கமான 15 வோல்ட் கந்தக அமிலப் படலத்தை எடுத்துக்கொள்வோம். தடுப்பு அடுக்கு சுமார் 15 நானோமீட்டர். மைய இடைவெளி சுமார் 38 நானோமீட்டர். துளையின் விட்டம் 12 முதல் 15 நானோமீட்டர்.

அறுகோண அடுக்கில் ஒரு அறையின் பரப்பு, மைய இடைவெளியின் வர்க்கத்தை 0.866 ஆல் பெருக்கினால் கிடைக்கும். இந்தக் கணக்குப்படி 1 சதுர சென்டிமீட்டரில் 7,000 கோடிக்கும் மேற்பட்ட துளைகள் இருக்கும். படலம் 15 மைக்ரான் தடிமன் என்றால் ஒவ்வொரு துளையும் தன் அகலத்தைப்போல் சுமார் 1,000 மடங்கு நீளம். அந்த ஒரு சதுர சென்டிமீட்டரின் துளைகளை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் மொத்த நீளம் 1,000 கிலோமீட்டரைத் தாண்டும். துளைச்சுவர்களின் மொத்தப் பரப்பு சுமார் 500 சதுர சென்டிமீட்டர் வரும். சாயம் ஏன் இவ்வளவு அடர்த்தியாகப் பிடிக்கிறது என்பதற்கு இந்த எண்ணே விடை.

துளைப் பங்கையும் கணக்கிடலாம். துளை விட்டத்தை மைய இடைவெளியால் வகுத்து, வர்க்கமாக்கி, 0.907 ஆல் பெருக்குங்கள். 12-ஐ 38-ஆல் வகுத்துப் போட்டால் சுமார் 9 சதவீதம். 15 என்று போட்டால் சுமார் 14 சதவீதம். விட்டம் சிறிதளவு மாறினாலும் துளைப் பங்கு எவ்வளவு மாறுகிறது என்பதைக் கவனியுங்கள்.

ஒழுங்கான வரிசையில் துளைகள் வேண்டுமானால், ஒவ்வொரு அமிலத்துக்கும் உகந்த வோல்ட் உண்டு. கந்தக அமிலத்தில் 25 வோல்ட், மைய இடைவெளி சுமார் 65 நானோமீட்டர். ஆக்சாலிக் அமிலத்தில் 40 வோல்ட், சுமார் 100 நானோமீட்டர். பாஸ்பாரிக் அமிலத்தில் 195 வோல்ட், சுமார் 500 நானோமீட்டர். 1995-ல் ஜப்பானின் ஹிடெக்கி மசூடா, கென்ஜி ஃபுக்குடா ஆகியோர் இந்த ஒழுங்கை அடிப்படையாகக் கொண்டு உலோக நுண்துளை வரிசைகளைச் செய்துகாட்டினார்கள். அதன்பின் இரட்டை அனோடைசிங் முறை நானோ ஆய்வகங்களில் பரவியது. முதல் படலத்தை வளர்த்துக் கரைத்துவிடுவார்கள். உலோகத்தில் மிஞ்சும் ஒழுங்கான குழிகளே இரண்டாம் படலத்தின் துளைகளுக்குத் தொடக்கப் புள்ளிகளாகும்.

## படி 5: மின்னோட்டத்திலிருந்து தடிமனைக் கணக்கிடுங்கள்

வோல்ட் தடிமனைத் தீர்மானிப்பதில்லை. தடிமன், பாய்ந்த மின்னூட்டத்தைப் பொறுத்தது. கந்தக அமிலத் தொட்டிக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: ஒரு சதுர டெசிமீட்டருக்கு எத்தனை ஆம்பியர் என்பதை நிமிடத்தால் பெருக்கி, அதை 0.3 ஆல் பெருக்கினால் மைக்ரான் கிடைக்கும். 1.5 ஆம்பியரில் 15 மைக்ரான் வேண்டுமானால் சுமார் 33 நிமிடம்.

இந்தக் கணக்கு முடிவில்லாமல் பொருந்தாது. நேரம் கூடக் கூட, மேல்முனையை அமிலம் கரைத்துக்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் அடியில் வளரும் வேகமும் மேலே கரையும் வேகமும் சமமாகிவிடும். தொட்டி சூடாகிவிட்டால் அந்த எல்லை சீக்கிரமே வந்துவிடும். துளைவாய்கள் அகன்று, விரலால் தேய்த்தால் பொடி ஒட்டும் படலம் மிஞ்சும். வழக்கமான தொட்டியை 18 முதல் 21 டிகிரி செல்சியஸில் வைப்பது இதனால்தான். கெட்டியான படலம் வேண்டியபோது தொட்டியை 0 முதல் 5 டிகிரிக்குக் குளிர்விப்பார்கள். கரைதல் குறையும், சுவர் தடிக்கும். 25 மைக்ரானுக்கு மேலும் படலம் வளர்க்கலாம். சமையல் பாத்திரங்களுக்கும் இயந்திரப் பாகங்களுக்கும் பயன்படும் ஹார்ட் அனோடைசிங் இதுதான்.

பொருளின் அளவு மாறுவதையும் நினைவில் வையுங்கள். வழக்கமான கந்தக அமிலப் படலத்தில், தடிமனில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பழைய உலோகத்தின் இடத்தில் உள்நோக்கி இருக்கும். மூன்றில் ஒரு பங்குதான் வெளியே எழும். 15 மைக்ரான் படலத்தில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 5 மைக்ரான் கூடும்.

## படி 6: வேதிச் சேர்மானத்தை அறியுங்கள்

அடிப்பொருள். இரண்டு அலுமினிய அணுவுக்கு மூன்று ஆக்சிஜன் அணு என்ற விகிதத்தில் அமைந்த அலுமினிய ஆக்சைடு. மாணிக்கத்திலும் நீலக்கல்லிலும் உள்ள அதே சேர்மம்தான். ஆனால் அவை படிகங்கள். அனோடைஸ் படலம் படிக வரிசையற்றது. அணுக்கரு காந்த ஒத்திசைவு ஆய்வில், இதில் ஒரு அலுமினிய அயனியைச் சுற்றி 4, 5, 6 ஆக்சிஜன்கள் என மூன்று விதச் சூழலும் கலந்திருப்பது தெரிகிறது. நீலக்கல்லில் எல்லா இடத்திலும் 6 மட்டுமே. அதனால் அடர்த்தியிலும் வேறுபாடு: படிக வடிவம் கன சென்டிமீட்டருக்குச் சுமார் 3.98 கிராம், படலத்தின் திடப்பகுதி சுமார் 3 கிராம். படலத்தைச் சூடாக்கினால் 800 டிகிரிக்கு மேல் காமா வடிவப் படிகமாகவும், 1,100 டிகிரிக்கு மேல் ஆல்ஃபா வடிவமாகவும் மாறும். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால், இந்த மாற்றத்தைப் பார்க்க முதலில் படலத்தை உலோகத்திலிருந்து பிரித்தெடுக்க வேண்டும்.

அமிலத்தின் பங்கு. தூய அலுமினிய ஆக்சைடு என்று பாடப்புத்தகம் சொல்வதோடு நின்றுவிடக் கூடாது. எதிரயனிகள் உள்நோக்கி நகரும்போது அமிலத்தின் எதிரயனிகளும் ஆக்சைடுக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிடுகின்றன. கழுவினால் போகாது; சுவரின் உடம்பிலேயே அவை இருக்கின்றன. எடை அளவில் தோராயமாக:

- கந்தக அமிலப் படலம்: சல்பேட், 10 முதல் 15 சதவீதம்.
- பாஸ்பாரிக் அமிலப் படலம்: பாஸ்பேட், 6 முதல் 8 சதவீதம்.
- ஆக்சாலிக் அமிலப் படலம்: ஆக்சலேட், 2 முதல் 3 சதவீதம்.
- குரோமிக் அமிலப் படலம்: குரோமியச் சேர்மங்கள், 1 சதவீதத்துக்கும் மிகக் குறைவு.

இந்தச் சேர்மானத்துக்குக் கண்ணில் தெரியும் விளைவும் உண்டு. கந்தக அமிலப் படலம் நிறமற்றுத் தெளிவாக இருக்கும். ஆக்சாலிக் அமிலப் படலத்துக்கு இயல்பாகவே மஞ்சள் சாயல் உண்டு. ஜப்பானில் 1920-களில் ரிக்கன் ஆய்வு நிறுவனத்தில் வளர்ந்து, 'அலுமைட்' என்ற பெயரில் பரவிய பாத்திரங்களின் பொன்னிறம் அங்கிருந்து வந்ததே. பிரிட்டனில் பெங்கோ, ஸ்டூவர்ட் ஆகியோர் 1923-ல் காப்புரிமை பெற்ற குரோமிக் அமில முறை கடல் விமானப் பாகங்களுக்கு உதவியது. 1927-ல் கோவர், ஓ'பிரையன் பெற்ற கந்தக அமிலக் காப்புரிமையே இன்று உலகெங்கும் நடக்கும் அனோடைசிங்குக்கு அடித்தளம்.

## படி 7: சுவரை இரண்டு அடுக்காகப் பிரித்துப் பாருங்கள்

நீங்கள் வரைந்த படத்தில் ஒரு சுவரைப் பெரிதாக்குங்கள். துளையை ஒட்டிய பக்கம் அமிலத்தின் எதிரயனி கலந்த ஆக்சைடு. இரண்டு அறைகள் தொட்டுக்கொள்ளும் நடுப்பகுதி ஏறக்குறையத் தூய ஆக்சைடு. தடுப்பு அடுக்கிலும் இதே முறைதான்: துளைப்பக்கம் கலப்பு, உலோகப்பக்கம் தூய்மை.

தூய அடுக்கின் தடிமன் ஏன் அமிலத்துக்கு அமிலம் மாறுகிறது? எதிரயனி எவ்வளவு வேகமாக உள்ளே நகர்கிறதோ, அவ்வளவு ஆழம் கலப்பு போகும். சல்பேட் விரைந்து உள்ளே போவதால் கந்தக அமிலப் படலத்தில் தூய அடுக்கு மிக மெல்லியது. ஆக்சலேட்டில் அதைவிடச் சற்றே தடித்தது. பாஸ்பேட் மெதுவாக நகர்வதால் தூய அடுக்கு கணிசமானது. குரோமிக் அமிலப் படலத்தில் கலப்பே மிகக் குறைவு என்பதால் இரட்டை அடுக்கு ஏறக்குறைய இல்லை.

இந்த இரட்டை அடுக்கு ஏட்டறிவோடு நிற்பதில்லை. எதிரயனி கலந்த பகுதி அமிலத்தில் விரைவாகக் கரையும். தூய பகுதி தாக்குப்பிடிக்கும். துளையை அகலமாக்க விரும்பும் ஆய்வாளர், படலத்தை 5 சதவீதப் பாஸ்பாரிக் அமிலத்தில் 30 டிகிரியில் ஊறவைக்கிறார். முதலில் வேகமாக விரியும் துளை, தூய அடுக்கைத் தொட்டதும் தயங்கும்.

## படி 8: தண்ணீரையும் சீலிங்கையும் கணக்கில் சேருங்கள்

தொட்டியிலிருந்து எடுத்த புதுப் படலத்தில் பெரும்பாலான நீர் துளைச்சுவர்களின் மேல் ஒட்டிய நீர்தான். இந்த நிலையில் படலம் எதையும் உறிஞ்சும்: சாயம், எண்ணெய், விரல் ரேகை, நகரத்துப் புகை. சாயம் ஏற்றுவதானால் இப்போதே ஏற்ற வேண்டும். கரிமச் சாயம் துளைச்சுவரின் மேற்பகுதியில் பற்றும். வெண்கல நிறச் சட்டங்களில் பயன்படும் மின்வண்ண முறையிலோ, ஏசி மின்சாரத்தால் வெள்ளீயம் போன்ற உலோகத் துகள்கள் துளையின் அடியில் படியும். வெயிலில் சாயத்தைவிட அது நீடிப்பது இதனால்தான்.

பிறகு சீலிங். 96 டிகிரிக்கு மேல் சூடான தூய நீரில், மைக்ரானுக்கு 2 முதல் 3 நிமிடம் வைப்பார்கள். ஆக்சைடு நீரோடு சேர்ந்து போமைட் என்ற நீரேறிய ஆக்சைடாக மாறும். அது அதிக இடம் பிடிப்பதால் துளைச்சுவர் வீங்கி வாய் அடைபடும். நீரில் சிலிக்கேட்டோ பாஸ்பேட்டோ மிகச் சிறிதளவு இருந்தாலும் இந்த வினை தடைபடும். சீலிங் தொட்டிக்குக் கனிமம் நீக்கிய நீரையே வலியுறுத்துவது இதனால்தான். நிக்கல் அசிடேட் கலந்த சூடான சீலிங்கும், நிக்கல் ஃபுளோரைடு கலந்து 25 முதல் 30 டிகிரியில் செய்யும் குளிர் சீலிங்கும் பரவலாக உள்ளன. அவற்றைப் பயன்படுத்திய படலத்தின் சேர்மானப் பட்டியலில் நிக்கலையும், குளிர் சீலிங் என்றால் ஃபுளோரைடையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## படி 9: உலோகக் கலவையைக் கேளுங்கள்

படலம் உலோகத்திலிருந்தே பிறக்கிறது. ஆகவே உலோகத்தில் உள்ளதெல்லாம் அதற்குள் வரும்.

- 6063: மக்னீசியமும் சிலிக்கனும் சிறிதளவே கொண்ட, சன்னல் சட்டங்களுக்கான கலவை. சீரான, தெளிவான படலம்.
- 2000 வரிசை: செம்பு கலந்தது. செம்பு படல வளர்ச்சியின் திறனைக் குறைக்கும்; படலம் மென்மையாகவும் அதிகத் துளையோடும் இருக்கும்.
- வார்ப்புக் கலவைகள்: சிலிக்கன் துகள்கள் ஆக்சைடாகாமல் படலத்துக்குள் அப்படியே சிக்கிக்கொள்ளும். படலம் சாம்பல் நிறமாகவும் தடிமன் சீரற்றும் வரும்.
- இரும்பு அதிகமுள்ளவை: இரும்புச் சேர்மத் துகள்கள் ஒளியைச் சிதறடித்துப் பளபளப்பைக் குறைக்கும்.

## படி 10: கையில் உள்ள பொருளைச் சோதியுங்கள்

வீட்டிலேயே செய்யத்தக்கவை இரண்டு. மல்டிமீட்டரின் இரு முனைகளையும் கீறாமல் மேற்பரப்பில் வையுங்கள். அனோடைஸ் ஆகியிருந்தால் மின்தொடர்பு காட்டாது. மறைவான ஓரத்தில் மார்க்கர் மையால் ஒரு புள்ளியிட்டு, சில நிமிடம் கழித்து ஸ்பிரிட்டால் துடையுங்கள். கறை தங்கினால் சீலிங் சரியில்லை, துளைகள் இன்னும் திறந்திருக்கின்றன.

தொழிற்கூடத்தில் சுழல்மின்னோட்டக் கருவியால் தடிமனை அளப்பார்கள். சீலிங்கின் தரத்தை அமிலத்தில் எடையிழப்புச் சோதனையால் அறிவார்கள். ஆய்வகத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கி துளையையும் சுவரையும் காட்டும். எக்ஸ் கதிர் நிறமாலைக் கருவி கந்தகம், பாஸ்பரஸ், நிக்கல் போன்ற தனிமங்களைக் காட்டும். கந்தகம் கணிசமாகத் தெரிந்தால் அது கந்தக அமிலத் தொட்டி; மைய இடைவெளியை 2.5 ஆல் வகுத்தால் வோல்ட்.

ஒரு எச்சரிக்கை: அனோடைசிங்கை வீட்டில் முயல வேண்டாம். செறிந்த கந்தக அமிலமும், எதிர்மின்வாயில் வரும் ஹைட்ரஜனும் ஆபத்தானவை. ஆய்வகத்தில் கரைசல் தயாரிக்கும்போது அமிலத்தைத்தான் தண்ணீரில் மெதுவாகச் சேர்க்க வேண்டும். தண்ணீரை அமிலத்தில் ஊற்றவே கூடாது. குரோமிக் அமிலத்தில் உள்ள ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது.

## எல்லாவற்றையும் சேர்த்து: ஒரு முழு எடுத்துக்காட்டு

ஒரு சன்னல் சட்டம். செய்முறைச் சீட்டில் ஆறு விவரங்கள்: 6063 கலவை, கந்தக அமிலம், 15 வோல்ட், 20 டிகிரி, 1.5 ஆம்பியரில் 33 நிமிடம், வெந்நீர் சீலிங்.

இதிலிருந்து எழுதக்கூடியது: படலம் சுமார் 15 மைக்ரான், அதில் 5 மைக்ரான் மேலே எழுந்தது. அடியில் 15 நானோமீட்டர் தடுப்பு அடுக்கு. மைய இடைவெளி சுமார் 38 நானோமீட்டர். துளைப் பங்கு 10 சதவீதத்தை ஒட்டியது, மேல்முனையில் சற்று அதிகம். படிக வரிசையற்ற அலுமினிய ஆக்சைடு. அதற்குள் பத்து சதவீதத்துக்கு மேல் சல்பேட். சுவரின் நடுவில் மிக மெல்லிய தூய அடுக்கு. துளைவாயில் போமைட் அடைப்பு. சட்டத்தை 100 டிகிரிக்கு மேல் சூடாக்கினால், அலுமினியம் படலத்தைவிடப் பல மடங்கு விரிவதால் நுண்வெடிப்புகள் விழலாம்.

இதே பயிற்சியை 40 வோல்ட் ஆக்சாலிக் அமிலப் படலத்துக்கும், குளிர் தொட்டியில் வளர்த்த ஹார்ட் அனோடைஸ் படலத்துக்கும் செய்துபாருங்கள். முறையாகப் படிக்க விரும்பும் தமிழக மாணவருக்கு, மின்வேதியியலுக்கென்றே காரைக்குடியில் 1953-ல் திறக்கப்பட்ட மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வீட்டுக்குச் சன்னல் வாங்குவோருக்கும் இந்த அறிவு உடனே பயன்படும். நிறத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், படலம் எத்தனை மைக்ரான், சீலிங் எப்படிச் செய்தது என்று இரண்டு கேள்வி கேளுங்கள். கடற்கரையை ஒட்டிய வீடென்றால் 20 அல்லது 25 மைக்ரான் கேளுங்கள். உப்புக்காற்றை எத்தனை ஆண்டுகள் தாங்கும் என்பதை அந்த இரண்டு பதில்கள்தான் பெருமளவு தீர்மானிக்கின்றன.